பாலாற்றின் முகத்துவாரத்திலிருந்து தெற்கே

(வேலூரில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம். முன்வரிசையைக் காலியாக விட்டுவிட்டு மின்விசிறிகளுக்கு அடியில் இடம் பிடித்திருக்கும் இளைஞர்களுக்குத் தனி வணக்கம். வேலூர் வெயிலில் அதுதான் புத்திசாலித்தனம்.

ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று நம் ஊரைக் கேலி செய்வது வெளியூர்க்காரர்களின் நெடுநாள் வழக்கம். 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பினார். கேலியில் ஒரு பங்கு கழிந்தது. 2021 நவம்பரில் பாலாறு இருகரையும் நிறைந்து ஓடியபோது இன்னொரு பங்கும் கொஞ்ச காலத்துக்குக் கழிந்தது. பாலத்தின் மேல் நின்று ஊரே வேடிக்கை பார்த்தது. இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றுதான் பலரும் கேட்டார்கள். எங்கே போகிறது என்று கேட்டவர்கள் குறைவு. நான் பேச வந்திருப்பது அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான்.

விடுமுறை வந்தால் நம்மவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு மெரினாவுக்கோ புதுச்சேரிக்கோ போகிறார்கள். அலையில் கால் நனைத்து, தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல் தின்று, அரைப்படி மணலோடு வீடு திரும்புகிறார்கள். போகட்டும். ஆனால் திறந்த கடல் எங்கே நின்று பார்த்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். நன்னீரும் உவர்நீரும் கலக்கும் இடங்கள் அப்படியல்ல. ஒன்றைப்போல் இன்னொன்று இராது. மீன் குஞ்சும் இறால் குஞ்சும் வளர்வது அங்கே, வடக்கிலிருந்து வரும் பறவைகள் இறங்குவது அங்கே. எனவே கிழக்குக் கடற்கரைச் சாலையில் நான் சொல்லும் பயணம் கடற்கரை கடற்கரையாகப் போவதல்ல. முகத்துவாரம் முகத்துவாரமாகப் போவது.

அதை நம் ஆற்றிலிருந்தே தொடங்கலாம். கர்நாடகத்து நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் பாலாற்றின் நீளம் 348 கிலோமீட்டர். அதில் 222 கிலோமீட்டர் தமிழகத்தில். வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு, செங்கல்பட்டு எல்லாம் கடந்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூரில் கடலைச் சேர்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலம் ஆற்றை அங்கேதான் தாண்டுகிறது. அந்தப் பாலத்தில் வண்டியை நிறுத்தாமல் மாமல்லபுரத்துக்கோ புதுச்சேரிக்கோ பறந்த வேலூர்க்காரர்கள் எத்தனை பேர் இந்த அவையில் இருக்கிறீர்கள் என்று கைதூக்கச் சொல்லப்போவதில்லை! கடல்நீர் உள்ளே ஏறாமல் இருக்கவும், மழைநீரைத் தேக்கவும் அங்கே தடுப்பணை கட்டியிருக்கிறார்கள். கோடையில் அலை கொண்டுவந்து குவிக்கும் மணல்திட்டு ஆற்றின் வாயை மூடிவிடும். வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் வந்தால் அதை உடைத்துக்கொண்டு போகும். ஓர் ஆறு உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அதன் வாயைத்தான் பார்க்க வேண்டும்.

போகும் வழியில் காஞ்சிபுரம், உத்திரமேரூர் வழியாகச் சென்றால் வேடந்தாங்கல் வரும். நீர்க்கடம்பு மரங்களில் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் கூடு கட்டியிருக்கும். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று கண்டுகொண்ட அந்த ஊரார், பறவைகளைச் சுடக்கூடாது என்று 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கும்பினி கலெக்டரிடம் உத்தரவு வாங்கி வைத்திருந்தார்கள். மாமல்லபுரத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. பள்ளிச் சுற்றுலாவில் அங்கே போகாதவர் இந்த அவையில் இருக்க வாய்ப்பில்லை.

தெற்கே மரக்காணம். சாலையின் இருபுறமும் உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்குப் பின்னால் கிடக்கும் பெரிய உவர்நீர்ப் பரப்புதான் கழுவேலி. பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாகச் சொல்லப்படுவது. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். மழைக்காலத்தில் ஒரு முனையில் ஏரிகளின் உபரிநீர் வந்து நிறையும். மறுமுனையில் உப்பங்கழி வழியாகக் கடல்நீர் ஏறும். மே மாதத்தில் போனால் பெரும்பாலும் வெடித்த சேற்றைத்தான் பார்ப்பீர்கள். பிறகு என்னைத் திட்டக்கூடாது. பொங்கல் விடுமுறையில் போங்கள்.

இனி பிச்சாவரம். இந்தப் பயணத்தில் ஒரே ஓரிடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், யோசிக்காமல் இதைத் தேர்ந்தெடுங்கள். சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில், ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் அலையாத்திக்காடு. மோட்டார் படகு வேண்டாம்; குறுகிய கால்வாய்களுக்குள் அது நுழையாது. துடுப்புப் படகில் போனால் மரங்களைக் கையால் தொடலாம். சுரபுன்னை கிளைகளிலிருந்து வேர் இறக்கிச் சேற்றில் ஊன்றி நிற்கும். வெண்கண்டலோ சேற்றுக்கு மேலே ஆயிரக்கணக்கான மூச்சு வேர்களை நீட்டி வைத்திருக்கும், ஏனென்றால் அந்தச் சேற்றுக்குள் காற்று இல்லை. உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளியேற்றுவதும் அதன் வழக்கம். இலையை நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். ஆனால் எல்லா இலையையும் சுவைத்துவிடாதீர்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரமும் அங்கே இருக்கிறது, அதன் பால் கண்ணில் பட்டால் பெருந்துன்பம்.

சுரபுன்னையின் இன்னொரு வித்தையையும் சொல்ல வேண்டும். அதன் விதை கீழே விழுந்து முளைப்பதில்லை. தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்து, நீண்டு வளர்ந்து, பிறகுதான் விழும். தண்ணீர் வற்றிய நேரமாக இருந்தால் சேற்றில் குத்திட்டு நின்று அங்கேயே வேர் பிடிக்கும். கடல்நீர் ஏறிய நேரமாக இருந்தால் மிதந்து போய் வேறிடத்தில் கரையேறும். 2004 சுனாமியின்போது இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்களில் சேதம் குறைவாக இருந்தது. அதற்குப் பிறகுதான் பலருக்கு இது வெறும் புதர் அல்ல என்று தெரிந்தது. கொள்ளிடத்தில் நன்னீர் வரத்து குறையக் குறையக் காட்டில் உப்பு கூடுகிறது; உப்பைத் தாங்கும் வெண்கண்டல் பெருகி, மற்ற மரங்கள் பின்வாங்குகின்றன. மேலே மலையில் இருப்பவன் ஆற்றுக்குச் செய்வது கீழே கடலோரத்தில் தெரிகிறது. பாலாற்றுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கோடியக்கரையில் கடற்கரை முழங்கை மடக்கியதுபோல் மேற்கே திரும்பிவிடும். வெளிமானுக்காக 1967இல் அமைந்த சரணாலயம் அது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் தமிழகத்திலிருந்து முதலில் இடம் பெற்றதும் அதுதான், 2002இல் அறிவிக்கப்பட்டது. வறண்ட பசுமைமாறாக் காடு, புல்வெளி, சேற்றுப்பரப்பு மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது. ஆண்மான் கறுப்பு, பெண்மான் பழுப்பு. நம்மைப் பார்த்தவுடன் துள்ளும் அழகுக்கே போகலாம். டிசம்பர், ஜனவரியில் பூநாரைகள் வரும். பக்கத்திலேயே முத்துப்பேட்டை, தமிழகத்தின் மிகப்பெரிய அலையாத்திக்காடு, பிச்சாவரத்தின் கூட்டம் இல்லாதது.

கடைசியாகத் தனுஷ்கோடி. ஆறே இல்லாத இடத்தை இந்தப் பட்டியலில் ஏன் சேர்த்தாய் என்று கேட்பீர்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் எச்சங்களைப் பார்க்க எல்லோரும் போகிறார்கள். நான் பார்க்கச் சொல்வது மணலை. இரு கடலுக்கும் நடுவில் சிறிய குழி தோண்டினால் அங்கே குடிக்கும் தண்ணீர் ஊறும். மீனவக் குடும்பங்கள் அதை மொண்டுதான் பிழைத்திருக்கின்றன. மணலில் இறங்கிய மழைநீர் கடல்நீரைவிட எடை குறைந்தது. ஆகையால் அதன் மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும். அவர்களுக்கு அந்த அளவு தெரியும். ஒருபுறம் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும், மறுபுறம் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்குப் பருவத்தில் ஆண்கடல் சீறும். வடகிழக்குப் பருவத்தில் பெண்கடலும் சும்மா இராது.

2017இலிருந்து அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. இருட்டிய பிறகு வண்டிகளை விடமாட்டார்கள். ஆகவே ராமேஸ்வரத்தில் கோயிலை மறுநாளுக்கு வைத்துக்கொண்டு, முதல் நாளே பகலில் தனுஷ்கோடியைப் பார்த்துவிடுங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள், திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மணல் தேரி என்று தெற்கே இன்னும் நிறைய இருக்கிறது. அவற்றை இன்னொரு மாலைக்கு வைத்துக்கொள்வோம். இப்போது கேள்விகள் இருந்தால் கேளுங்கள். வழியில் எந்த ஊரில் மீன் குழம்பு நன்றாக இருக்கும் என்பதையும் கேட்கலாம்.