வெள்ளச் செலவில் யாருக்குப் பங்கு? பருவநிலைப் பேச்சுவார்த்தையில் வளரும் நாடுகள்

[காட்சி: சிகாமாட் ஆற்றுப் பாலம். தூண்களில் சேறு படிந்த கோடு. அப்பால் செம்பனை வரிசை.]

வணக்கம். ஜொகூர், சிகாமாட்டிலிருந்து பேசுகிறோம். 2023 மார்ச் வெள்ளத்தில் இந்த மாநிலத்தில் 40,000 பேருக்கு மேல் வீட்டைப் பூட்டிவிட்டு நிவாரண மையங்களுக்குப் போனார்கள். தண்ணீர் வடிந்ததும் ஊறிப்போன மெத்தை, ஐஸ்பெட்டி, பிள்ளைகளின் பள்ளிப் புத்தகம் எல்லாம் சாலையோரத்தில் குவிந்தன. அரசாங்க உதவி கொஞ்சம் வந்தது. மீதியை அவரவர் கைக்காசில் சரிக்கட்டிக்கொண்டோம்.

ஒரு வெள்ளத்தை அப்படியே பருவநிலை மாற்றத்தின் தலையில் கட்டிவிட முடியாது. அடைபட்ட கால்வாய்க்கும் அழிந்த காட்டுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் காற்று 1 டிகிரி சூடானால் அது சுமக்கும் ஈரப்பதம் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும். அதனால் மழை பெய்தால் கொட்டித் தீர்க்கிறது. காற்றை இவ்வளவு சூடாக்கியதில் பெரும்பங்கு பணக்கார நாடுகளின் தொழிற்சாலைகளுக்கு. அப்படியானால் செலவில் அவர்களுக்குப் பங்கில்லையா? வளரும் நாடுகள் முப்பது வருஷத்துக்கும் மேலாக இதைத்தான் கேட்டுவருகின்றன.

[காட்சி: உலக வரைபடம். கோலாலம்பூர், பிறகு ரியோ.]

1992 ஏப்ரலில் வளரும் நாடுகளின் அமைச்சர்கள் கோலாலம்பூரில் கூடி, ஐநாவின் ரியோ சுற்றுச்சூழல் மாநாட்டில் என்ன பேசுவது என்று முடிவு செய்தார்கள். அதே ஆண்டு உருவான ஐநா பருவநிலை உடன்படிக்கையில் ஒரு கொள்கை இடம்பெற்றது: பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, ஆனால் அவரவர் நிலைக்கும் சக்திக்கும் ஏற்ப அது வேறுபடும். பிறகு வந்த சண்டை எல்லாம் அதைச் சுற்றித்தான்.

இந்த உடன்படிக்கையின் கீழ் ஆண்டுதோறும் நடக்கும் மாநாடுகளில் பெரிய முடிவுகளுக்கு வாக்கெடுப்பு கிடையாது. வாக்கெடுப்பு விதியை நாடுகள் இன்றுவரை ஏற்கவே இல்லை. எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. கேட்க நியாயமாக இருக்கும். நடைமுறையில், ஒரே நேரத்தில் பல அறைகளில் பேச்சு நடக்கும். பெரிய நாடு அறைக்கு ஓர் ஆளை அனுப்பும். சின்னத் தீவு நாட்டிலிருந்து வந்தவர்களோ கையளவுதான். விடிய விடிய நடக்கும் கூட்டத்தில் யார் எந்த அறையில் உட்காருவது?

தோட்டத்துச் சம்பளப் பேச்சை நினைத்துப் பாருங்கள். தனி ஆளாக நிர்வாகத்திடம் போனவருக்கு என்ன கிடைத்தது, சங்கமாகப் போனபோது என்ன கிடைத்தது என்று நம் தாத்தா பாட்டிகளுக்குத் தெரியும். வளரும் நாடுகளின் சங்கத்துக்குப் பெயர் ஜி77. 1964இல் 77 நாடுகளோடு தொடங்கியது. இன்று 130 நாடுகளுக்கு மேல்.

[காட்சி: கோபன்ஹேகன், 2009 டிசம்பர்.]

சங்கம் உடைந்தால் என்ன ஆகும் என்பதைக் கோபன்ஹேகன் பருவநிலை மாநாடு காட்டியது. மாநாட்டை நடத்திய டென்மார்க் தரப்பு தயாரித்த உடன்பாட்டு வரைவு பத்திரிகைக்குக் கசிந்தது. பெரும்பாலான ஏழை நாடுகளுக்கு அப்படி ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. கடைசி நாளில் அமெரிக்கா, சீனா, இந்தியா, பிரேசில், தென்னாப்பிரிக்கா தலைவர்கள் தனி அறையில் உட்கார்ந்து உடன்பாட்டை முடித்தார்கள். நம் பக்கத்துப் பெரியவர்களே உள்ளே போய்விட்டார்கள், மற்றவர்கள் வெளியே. துவாலு, பொலிவியா, வெனிசுவேலா, சூடான் எழுந்து எதிர்த்தன. கடைசியில் மாநாடு அந்த உடன்பாட்டை ஏற்கவில்லை. கவனத்தில் கொள்வதாக மட்டும் பதிந்தது.

அங்கேதான் 2020க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாகப் பணக்கார நாடுகள் வாக்குக் கொடுத்தன. அவர்கள் கணக்குப்படியே அந்தத் தொகையை எட்டியது 2022இல். அதிலும் பெரும்பகுதி கடன். வெள்ளத்தில் மூழ்கியவனுக்குக் கடன் கொடுத்துவிட்டு அதற்கு உதவி என்று பெயர் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

[காட்சி: வனுவாட்டு. கரையோர வீடுகள்.]

சங்கம் உடையாமல் நின்ற கதையும் உண்டு. கடல்மட்ட உயர்வால் வரும் இழப்புக்குப் பணக்கார நாடுகள் காசு போட்டு ஒரு காப்பீட்டு நிதி வைக்கட்டும் என்று 1991இலேயே பசிபிக் தீவு நாடான வனுவாட்டு கேட்டது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2021இல் கிளாஸ்கோவில் ஜி77 மறுபடி கேட்டது. அதைப் பற்றி 'உரையாடலாம்' என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஆண்டு பாகிஸ்தான் வெள்ளத்தில் 1,700 பேருக்கு மேல் இறந்தார்கள், 3.3 கோடிப் பேர் பாதிக்கப்பட்டார்கள். அந்த வருஷம் ஜி77 தலைமை பாகிஸ்தானிடமே இருந்தது. எகிப்தில் நடந்த மாநாட்டின் முதல் நாளே விஷயத்தை நிகழ்ச்சி நிரலில் ஏற்றினார்கள். மிக ஏழை நாடுகளை மட்டும் தனியே இழுக்கும் முயற்சியும் நடந்தது. குழு கலையவில்லை. 2022 நவம்பர் 20 விடியற்காலை இழப்பு, சேத நிதிக்கு ஒப்புதல் கிடைத்தது.

இதில் பினாங்குக்கும் பங்கு உண்டு. அங்கே தலைமையகம் கொண்ட தேர்ட் வேர்ல்ட் நெட்வொர்க் என்ற தன்னார்வ அமைப்பு, மாநாடுகளில் எந்த அறையில் என்ன நடந்தது என்று அன்றன்றைக்கே எழுதி வெளியிடுகிறது. மறைந்த மார்ட்டின் கோரும் மீனா ராமனும் இந்த அமைப்பின் முகங்கள். ஆள் பற்றாத குழுக்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி! மலேசியர்கள் நாம் இதை அதிகம் பேசுவதே இல்லை.

சரி, நிதி வந்துவிட்டது. பணம்? 2023இல் துபாயில் முதலில் அறிவித்தது ஏறக்குறைய 70 கோடி டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 330 கோடி ரிங்கிட். 2021 கடைசியில் வந்த ஒரு வெள்ளத்தில் மலேசியாவின் இழப்பு மட்டும் 610 கோடி ரிங்கிட் என்கிறது புள்ளிவிவரத் துறை. உலகத்துக்கே வைத்த உண்டியல் நம் ஒரு வெள்ளத்துக்குப் பாதிக்குச் சற்று மேல்தான் தாங்கும். 2024இல் அஸர்பைஜானின் பாக்கு நகர மாநாட்டில் வளரும் நாடுகள் ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர் கேட்டன. 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி என்று முடிந்தது. இந்தியா பேச எழுவதற்குள் மாநாட்டுத் தலைவர் சுத்தியலைத் தட்டிவிட்டார்.

[காட்சி: ரப்பர் பால் மரம். ஈரமான பட்டை. மழைத்தண்ணீர் நிரம்பிய, பால் பிடிக்கும் மங்கு.]

இழப்பைக் கேட்க வேண்டுமென்றால் முதலில் கணக்குக் காட்ட வேண்டும். ரப்பர் மரத்தின் பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டிய கோட்டில் இறங்காது, பட்டை மேல் வழிந்துவிடும். மங்கில் விழுந்ததிலும் தண்ணீர் கலந்துவிடும். அதனால் மழை நாளில் வெட்டு இல்லை, வருமானமும் குறைகிறது. புள்ளிவிவரத் துறையின் வெள்ளக் கணக்கில் வீடு, வாகனம், கடை, தொழிற்சாலை, விவசாயம், பொதுச்சொத்து என்று தலைப்புகள் உண்டு. வெட்டுக்குப் போக முடியாத நாளின் கூலிக்குத் தனித் தலைப்பு இல்லை. நம் ஊர்க் கணக்கிலேயே ஏறாதது ஐநா மேசைக்கு எப்படிப் போகும்?

சிகாமாட், லாபிஸ் பக்கம் மழையால் வெட்டு நின்ற நாள்களைக் குறித்து வைத்திருந்தால் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். தோட்டத்தின் பெயர் வேண்டாம். மாதமும் நாள் எண்ணிக்கையும் போதும். தொகுத்து நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொடுக்கப் போகிறோம்.