பல் மேல் பழி போடாதீங்க: தாடை தானாக இறுகுவது ஏன்?

(திரையில்: கோபி பக்கம் ஒரு தோட்டத்து வீடு. திண்ணையில் அமிச்சி, மடியில் வெற்றிலைப் பெட்டி.)

ஒரு கற்பனை அமிச்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வயது அறுபது. பேச வாயெடுத்தால் தாடை இறுகிக்கொள்கிறது. அரிசிம்பருப்புச் சோறு ஒரு வாய் மெல்வதற்குள் நாக்கைக் கடித்துக்கொள்கிறார். கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கியும் பலனில்லை. "காத்துக் கருப்பா இருக்குமுங்க, மந்திரிச்சுப் பாருங்க" என்கிறது பக்கத்துத் தோட்டம். ஆனால் வாயோரம் பாக்கு அடக்கினால் மட்டும் கொஞ்சம் தளர்கிறது.

அந்தப் பாக்கில்தான் துப்பு இருக்கிறது.

(திரையில்: மூளையின் குறுக்குவெட்டுப் படம்.)

இது தாடை டிஸ்டோனியா, அதாவது தாடைத் தசை நம் பேச்சைக் கேட்காமல் தானாக இறுகிக்கொள்ளும் நோய். கோளாறு பல்லில் இல்லை, மூளையில். அதன் அடியாழத்தில் இருக்கும் பேசல் கேங்லியா, எந்தத் தசை இறுக வேண்டும், எது விட்டுக்கொடுக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்கிறது. அங்கே ஒழுங்கு தவறினால், ஒரே வண்டியில் பூட்டிய இரண்டு காளைகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்த கதைதான். கன்னத்தைத் தொட்டாலோ வாயில் எதையாவது அடக்கினாலோ சிலருக்குத் தளரும். இந்த நோய்க்கே உரிய அடையாளம் அது. (பாக்கு புற்றுநோயைக் கொண்டுவரும். அந்த வேலைக்குச் சூயிங்கம் போதும்.) தூக்கத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும், ராத்திரியில் பல்லை நறநறப்பது வேறு சங்கதி. கண்ணிமையும் சேர்ந்து இறுகினால் அதற்கு மேஜ் நோய் என்று பெயர். 1910இல் அதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் ஹென்றி மேஜின் பெயர்தான் அது.

அப்புறம், மருந்துச் சீட்டையும் எடுத்துப் பாருங்கள். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடு, மனநோய்க்குத் தரும் ஹாலோபெரிடால் போன்றவை சிலருக்குத் தாடையைக் கோணலாக இழுத்துவிடும். மருந்து தொடங்கிய ஓரிரு நாளில் இப்படி வந்தால், ஆஸ்பத்திரியில் புரோமெத்தசின் போன்ற ஊசி போட்டதும் சீக்கிரமே தளரும். மனநோய் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

(திரையில்: கட்டுத்தறி, சாணிக் குவியல், காலில் முள்.)

முள்ளோ ஆணியோ குத்தி, சில நாள் கழித்து வாய் திறக்க முடியாமல் போனால் யோசிக்கவே வேண்டாம். டெட்டனஸாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி.

சரி, அமிச்சிக்கு என்ன வைத்தியம்? டிரைஹெக்ஸிஃபெனிடில், குளோனசெபாம் மாத்திரைகள் சிலருக்குக் கைகொடுக்கும். வயதானவர்களுக்கு மறதியும் தள்ளாட்டமும் வரலாம். அதிகம் பலன் தருவது பொட்டுலினம் ஊசி. ஆமாம், சுருக்கம் போக்க முகத்தில் போடுகிறார்களே, அதே போடாக்ஸ்தான். அந்த நஞ்சைச் சுரக்கும் கிருமியும் டெட்டனஸ் கிருமியும் குளாஸ்டிரிடியம் குடும்பத்துப் பங்காளிகள். ஒன்று வாயைப் பூட்டுகிறது, இன்னொன்று பூட்டைத் திறக்கிறது! தசைக்கு நரம்பு சொல்லும் சேதியைத் தடுப்பதுதான் இந்த ஊசியின் வேலை.

தாடையை மூடும் தசைகள் கன்னத்திலும் பொட்டிலும் கைக்கு அகப்படும். வாய் தானாகத் திறந்துகொள்கிற நோயாளிக்கு ஊசி ஆழமாகப் போக வேண்டும். தசையின் மின்னோட்டத்தைப் பார்த்தபடி போடுவார்கள். கை பழகிய நரம்பியல் மருத்துவர் வேண்டும். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது, அங்கிருந்து விசாரிக்கத் தொடங்கலாம்.

போட்ட அன்றே தளராது. சில நாள் முதல் இரண்டு வாரம் பிடிக்கும். நோய் அடியோடு போகாது, சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும். மெல்லும் பலம் கொஞ்ச நாள் குறையலாம், குழைந்த சோறாகக் கொடுங்கள். விழுங்கும்போது புரையேறினால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள்.