ஆறு டப்பாக்களும் ஒரு மஞ்சள் திட்டும்: அலுவலகப் புல்தரையில் ஒரு விடியற்காலை

வணக்கம். குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறேன். இன்னும் முழுதாக விடியவில்லை. காவலர் ஒருவரைத் தவிர இந்த வளாகத்தில் ஆள் கிடையாது, அலுவலகம் திறக்க இரண்டு மணி நேரம் இருக்கிறது. அலுவலக வளாகங்களின் புல்லையும் மரங்களையும் பராமரிக்கும் என் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் இது. புல்லின் மேல் பனி உட்கார்ந்திருக்கிறது, காற்று அசையவில்லை, வாகனம் நிறுத்தும் இடம் வெறுமையாகக் கிடக்கிறது.

கேமராவைத் தரைக்குக் கொண்டுவருகிறேன், பாருங்கள். தெளிப்பான்களிலிருந்து எங்கே எவ்வளவு நீர் விழுகிறது என்று அளக்க ஆறு டப்பாக்கள் வைத்திருக்கிறேன். எல்லாம் ஒரே அளவு, அடியும் வாயும் ஒரே அகலம். ஐந்து டப்பாக்களைப் பச்சையாக இருக்கும் இடங்களில் பரவலாக வைத்தாயிற்று. ஆறாவது, அதோ, புதிதாக நட்ட பெயர்ப்பலகையின் பக்கத்தில், அந்த மஞ்சள் திட்டின் நடுவில். இந்த நிறுவனத்தார் என்னை அழைத்ததே அந்தத் திட்டுக்காகத்தான். வாசலில் நுழைகிறவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். அதற்கு இரண்டு முறை உரம் போட்டுவிட்டார்களாம், அதன் பிறகு இன்னும் மஞ்சளாகிவிட்டதாம். காரணம் எனக்கு ஓரளவு புலப்பட்டுவிட்டது. ஆனாலும் அளந்து பார்க்காமல் சொல்லக் கூடாது என்பது என் வழக்கம்.

தெளிப்பான்களை இப்போது திறக்கிறேன். சரியாகப் பதினைந்து நிமிடம் ஓடட்டும். அதுவரை நடந்துகொண்டே பேசுவோம்.

முதலில் குனிந்து ஒரு புல் இதழைக் கிள்ளிப் பார்க்கிறேன். நுனியைக் கவனியுங்கள். நார் நாராகக் கிழிந்து வெளுத்திருக்கிறது. இது நோய் இல்லை. வெட்டும் தகடு மழுங்கியிருக்கிறது. கூரான தகடு புல்லை நறுக்கும், மழுங்கிய தகடு பிய்க்கும். பிய்ந்த நுனி ஓரிரு நாளில் காய்ந்துவிடும், தூரத்திலிருந்து பார்த்தால் புல்தரை முழுவதும் சாம்பல் பூத்ததுபோலத் தெரியும். பூஞ்சை நோய்க்கும் அந்தக் காயம் வாசல் திறந்துவிடுகிறது. மருந்து வாங்கத் தேவையில்லை, தகட்டைச் சாணை பிடித்தால் போதும்.

அடுத்தது உயரம். புல் வளர்வது நுனியில் இல்லை, மண்ணை ஒட்டிய தூரில். அதனால்தான் மேலே எத்தனை முறை வெட்டினாலும் பிழைத்துக்கொள்கிறது. ஆனால் அந்தத் தாங்கும் சக்திக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு வெட்டில் இதழின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. 6 சென்டிமீட்டரில் வைக்க வேண்டிய புல் என்றால் 9 சென்டிமீட்டரைத் தொடும்போது வெட்ட வேண்டும். 14 வரை விட்டுவிட்டு ஒரேயடியாக 6-க்கு இறக்கினால் பாதிக்கு மேல் போய்விடுகிறது. செடி தன் சேமிப்பையெல்லாம் புது இலைக்குச் செலவழிக்கிறது, வேர் வளர்வது நின்றுபோகிறது. இலைக்கு அடியில் நிழலிலேயே இருந்த பழுப்புத் தண்டுகள் வெயிலில் வெளிப்பட்டுக் கருகுகின்றன.

என்ன உயரம் என்பது புல்லின் வகையைப் பொறுத்தது. அருகம்புல் இனங்கள் தாழ வெட்டினாலும் அடர்ந்து படரும். உயர ஃபெஸ்க்யூ போன்ற குளிர்ப்பருவப் புல்லுக்கு 7 முதல் 10 சென்டிமீட்டர் வரை இருந்தால்தான் வேர் ஆழமாக இறங்கும். மேலே எவ்வளவு குட்டையோ கீழேயும் வேர் அவ்வளவு குட்டை என்பதைத் தோண்டிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். 'ஒட்ட வெட்டிவிடுங்கள், அடுத்த வெட்டைத் தள்ளிப்போடலாம்' என்று கேட்கிற நிர்வாகிகள் நிறைய. அப்படி வெட்டிய தரையில் மண்ணுக்கு வெளிச்சம் படுகிறது, களை விதை முளைக்கிறது. மிச்சம் பிடித்த காசு களைக்கொல்லிக்குப் போய்விடுகிறது.

வெட்டிய துணுக்குகளை வாரிக் கொண்டுபோக வேண்டுமா என்று கேட்கிறார்கள். ஒழுங்கான இடைவெளியில் வெட்டினால் வேண்டாம், அப்படியே விட்டுவிடுங்கள். சில நாட்களில் மட்கி, அதிலிருக்கும் தழைச்சத்து மண்ணுக்கே திரும்பிவிடும். அடியில் மெத்தைபோலச் சேரும் பழுப்பு அடுக்கு இந்தத் துணுக்குகளால் வருவதில்லை. மட்கத் தாமதமாகும் தண்டும் ஓடுகொடியும் வேரும் சேர்ந்து உண்டாக்குவது அது.

இன்னொரு செய்தி, சொல்ல ஆசையாக இருக்கிறது. புல்வெட்டும் இயந்திரத்துக்கு 1830-இல் காப்புரிமை பெற்றவர் எட்வின் பட்டிங் என்ற ஆங்கிலேயர். ஆலையில் கம்பளித் துணியின் மேற்பரப்பைச் சமன்செய்யக் கத்தரிக்கும் உருளையைப் பார்த்து அவருக்கு அந்த யோசனை வந்தது. அதற்கு முன்னால் அரிவாள்தான், அல்லது ஆடுகள்தான். துணி நேர்த்தியாக வேண்டும் என்று உருவான இயந்திரத்தின் வழிவந்த ஒன்று இன்று உங்கள் வாசலில் ஓடுகிறது. அதை மழுங்கிய தகட்டோடு ஓட்டுவதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

தண்ணீர் ஓடுகிறது, இன்னும் நேரம் இருக்கிறது. இந்தப் பக்கம் வாருங்கள்.

இந்த ஒற்றையடிப் பாதையைப் பாருங்கள். நிறுத்துமிடத்திலிருந்து பக்கவாட்டுக் கதவுக்கு ஊழியர்கள் புல்லின் குறுக்கே நடந்து போட்டது. என் கையில் ஒரு நீளத் திருப்புளி இருக்கிறது. பாதைக்கு வெளியே மண்ணில் அழுத்துகிறேன், கைப்பிடி வரை இறங்கிவிட்டது. பாதையில் அழுத்துகிறேன்... விரல் நீளம்கூட இறங்கவில்லை. மண் இறுகிவிட்டது. மண்துகள்களுக்கு இடையே இருந்த காற்றுவெளி நசுங்கிப்போனால் நீரும் இறங்காது, வேருக்கு மூச்சும் கிடைக்காது. இங்கே எத்தனை முறை புதுப் புல் பதித்தாலும் சாகத்தான் செய்யும். பாதி நிழல், பாதி வெயில் என்றெல்லாம் காரணம் சொல்வார்கள். திருப்புளி காட்டுகிற காரணம் வேறு.

தரை முழுவதும் இறுகியிருந்தால் குழல் வடிவப் பற்கள் கொண்ட இயந்திரத்தால் துளையிட வேண்டும். 5 முதல் 8 சென்டிமீட்டர் ஆழத்துக்கு விரல் போன்ற மண் உருளைகளை அது பிடுங்கி மேலே போட்டுவிடும். அவை உதிர்ந்து தரையோடு கலந்துவிடும். புல் வேகமாக வளரும் பருவத்தில் செய்தால் துளைகள் சீக்கிரம் மூடும். ஆனால் இந்தப் பாதைக்கு என் சிபாரிசு அதுவும் இல்லை. இங்கே கல் பதித்துவிடுங்கள் என்றுதான் எழுதிக் கொடுக்கப் போகிறேன். நூறு பேர் தினமும் நடக்கிற வழி அது. கயிறு கட்டி, பலகை வைத்து அவர்களோடு போராடுவதில் என்ன இருக்கிறது?

இப்போது எனக்குக் கோபம் வரும் இடத்துக்கு வந்துவிட்டோம். இந்த மரம். அடியில் மூடாக்கை, அதாவது மண்ணை மூடிப் பரப்பும் மரத்தூள், சருகு போன்றவற்றை, கூம்புபோலக் குவித்து வைத்திருக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும் என்று நினைத்துச் செய்கிறார்கள். பட்டை எப்போதும் ஈரத்தில் இருந்தால் அழுகும். மண்ணைத் தேடிப் போகாமல் வேர் அந்தக் குவியலுக்குள்ளேயே அடிமரத்தைச் சுற்றி வளர்ந்து, பின்னாளில் மரத்தையே இறுக்கும். கையால் ஒதுக்கிக் காட்டுகிறேன். அடிமரம் அகன்று வேராகப் பிரிகிற இந்த இடம் வெளியே தெரிய வேண்டும். மூடாக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் கனம் போதும். குவியலாக இல்லாமல் அகலமான வட்டமாகப் பரப்ப வேண்டும், தண்டைத் தொடக் கூடாது.

அந்த வட்டத்தால் இன்னொரு பயனும் உண்டு. நைலான் கயிறு சுழலும் கையடக்க வெட்டியைத் தண்டை ஒட்டிக் கொண்டுபோக வேண்டிய தேவையே இருக்காது. பட்டைக்குச் சற்று உள்ளேதான் மரத்தின் உயிர் ஓடும் அடுக்கு இருக்கிறது. இளமரத்தில் அந்தக் கயிறு சுற்றி வர ஒருமுறை கீறினால், இலையிலிருந்து வேருக்குப் போகும் உணவு நின்றுவிடும். நான் மேற்பார்வை பார்த்த ஓர் இடத்தில் ஒரே வரிசையில் நான்கு மரங்கள் இப்படிச் செத்தன. நோய் என்று நினைத்து மருந்து அடித்துக்கொண்டிருந்தோம். கடைசியில் மண்டியிட்டு அடிப்பட்டையைப் பார்த்தபோதுதான் வளையமாக வெட்டுக் காயம் இருந்தது. நட்டு ஆறு ஆண்டு ஆன மரங்கள். இன்றும் நினைத்தால் வலிக்கிறது. அன்றிலிருந்து எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் மண்டியிடுகிறேன்.

ஒப்பந்தம் பற்றிப் பேச வேண்டும் என்று பல பேர் கேட்டிருந்தீர்கள். நிறுவனங்கள் பெரும்பாலும் 'வாரம் ஒரு முறை புல் வெட்டுதல், மாதம் ஒரு முறை செடி கத்தரித்தல்' என்று எண்ணிக்கையைத்தான் எழுதுகின்றன. யார் குறைந்த விலை சொல்கிறாரோ அவருக்குக் கொடுக்கின்றன. அந்த எண்ணிக்கை புல்லுக்குத் தெரியாது. மழைக்குப் பிறகு அது ஐந்தாம் நாளே 9 சென்டிமீட்டரைத் தாண்டும், வளர்ச்சி குறைந்த பருவத்தில் மூன்று வாரம் ஆனாலும் தாண்டாது. வேலையாள் வராவிட்டால் அபராதம் என்பதால் வெட்டத் தேவையில்லாத நாளிலும் இயந்திரத்தை ஓட்டுகிறார். ஈரத் தரையில் சக்கரம் பள்ளம் போடுகிறது.

என் வேண்டுகோள் இது: எண்ணிக்கைக்குப் பதிலாக நிலையை எழுதுங்கள். புல் இந்த உயரத்துக்கு மேல் போகக் கூடாது, வெட்டிய பின் இந்த உயரத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. தண்டில் புதுக் காயம் இருக்கக் கூடாது. வெளியே செல்லும் வழியில் ஓட்டுநரின் பார்வையைப் புதர் மறைக்கக் கூடாது. தெளிப்பான்களை மாதம் ஒரு முறை ஓடவிட்டு, ஒவ்வொன்றையும் நேரில் பார்த்துக் குறிப்பெழுத வேண்டும். இந்தக் கடைசி வரியைக் கோடிட்டு எழுதுங்கள், ஏன் என்று சற்று நேரத்தில் தெரியும். சுற்றி நடந்து கவனிப்பதற்கும் ஊதியம் உண்டு என்று ஒப்பந்தத்திலேயே இருந்தால்தான் பார்ப்பதற்கு ஆள் வருவார். வெட்டுவதற்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டு, ஏன் கவனிக்கவில்லை என்று கேட்பது நியாயம் இல்லை.

உரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மண் பரிசோதனை செய்யாமல் போடாதீர்கள். மெதுவாகக் கரையும் தழைச்சத்தைத் தேர்ந்தெடுங்கள். கனமழை வரும் என்று தெரிந்தால் தள்ளிப்போடுங்கள். நடைபாதையில் சிதறிய குருணைகளைப் புல்லுக்கே பெருக்கித் தள்ளிவிடுங்கள், இல்லையென்றால் மழைநீர் வடிகால் வழியாக நீர்நிலைக்குப் போய்ப் பாசியை வளர்க்கும்.

புல்வெட்டும் இயந்திரத்தின் வெளியேற்றும் வாய் எப்போதும் வாகனங்களுக்கும் கண்ணாடிச் சுவருக்கும் எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும் என்பதையும் ஊழியர்களுக்குச் சொல்லிவிடுங்கள். ஒரு சிறு கல் போதும், ஒருவர் கண் போய்விடும்.

பதினைந்து நிமிடம் ஆகிவிட்டது. தண்ணீரை நிறுத்துகிறேன். அளவுகோல் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்னோடு.

முதல் டப்பா, 6 மில்லிமீட்டர். இரண்டாவது 7. மூன்றாவது 6. நான்காவது 5. ஐந்தாவது 6. சராசரி 6. மோசமில்லை, நன்றாகவே பரவுகிறது. இங்கே டைமரைத் தினமும் பத்து நிமிடம் என்று வைத்திருக்கிறார்கள். வாரத்துக்கு எழுபது நிமிடம், ஏறக்குறைய 28 மில்லிமீட்டர். நன்கு வளரும் புல்லுக்கு வாரம் சுமார் 25 போதும் என்பது பொதுவான கணக்கு, ஆக மொத்த அளவில் பெரிய பிழை இல்லை. பிழை பங்கீட்டில் இருக்கிறது. தினமும் 4, 5 மில்லிமீட்டர் கொடுத்தால் மேல்மண் மட்டும் நனைகிறது, வேரும் மேலேயே நின்றுவிடுகிறது. அதே நீரை வாரத்தில் இரண்டு நாளாகக் கொடுத்தால் ஆழமாக இறங்கும். களிமண்ணாக இருந்தால் பாதி விட்டு, சற்று ஊறவிட்டு, மீதியை விடுங்கள். விடியற்காலையில்தான் விட வேண்டும். மாலையில் விட்டால் இலை இரவெல்லாம் நனைந்து கிடந்து பூஞ்சை பிடிக்கும்.

ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் என்றால் 1 லிட்டர். இந்தத் தரை ஆயிரம் சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 25 மில்லிமீட்டருக்கு 25,000 லிட்டர் ஆகிறது. இவ்வளவு நீர் செலவாகும் ஒரு காரியத்தை அளக்காமல் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

இப்போது ஆறாவது டப்பா. பாருங்கள்... அடி நனைந்திருக்கிறது, அவ்வளவுதான். 1 மில்லிமீட்டர். வாரம் முழுவதும் சேர்த்தால் 5-கூட இல்லை.

இங்கே நின்றுகொண்டு கேமராவை மெல்லத் திருப்புகிறேன். அதோ தெளிப்பான். இதோ மஞ்சள் திட்டு. இரண்டுக்கும் நடுவில் பெயர்ப்பலகை. பலகையின் பின்புறத்திலிருந்து நீர் வழிகிறது, முன்புறம் காய்ந்திருக்கிறது. பலகையைப் பகலில் நட்டிருப்பார்கள். தோட்ட வேலையாட்கள் பகலில் வருகிறார்கள். தண்ணீர் திறப்பது விடியற்காலை நான்கு மணிக்கு, டைமர். அது ஓடும்போது இங்கே நின்று பார்த்தவர் ஒருவரும் இல்லை. தாகத்தில் இருந்த புல்லுக்கு இரண்டு முறை உரம் போட்டிருக்கிறார்கள். காய்ந்த மண்ணில் உர உப்பு வேரிலிருந்து இருக்கிற ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும், அதனால்தான் போட்ட பிறகு இன்னும் மஞ்சளானது.

தூரை விரித்துப் பார்க்கிறேன். அடியில் வெண்மை இருக்கிறது, ஓரிரு இடத்தில் பச்சைக் குருத்துகூட வருகிறது. முழுதாகச் சாகவில்லை. பலகைக்கு இந்தப் பக்கம் ஒரு தெளிப்பானைப் பதித்துவிட்டு, இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தபின் புதுப் புல் வேண்டுமா என்று முடிவு செய்யலாம்.

நிர்வாக மேலாளரின் வண்டி உள்ளே வருகிறது. ஆறு டப்பாக்களையும் கொட்டாமல் அப்படியே வைத்திருக்கிறேன், முதலில் அவர் இவற்றைப் பார்க்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து இதே இடத்தில், இதே நேரத்தில் மறுபடி படம் எடுக்கிறேன்.