ஹால்ஸ்டெட் தெருவும் நம் பாட்டிமாரும்

(சிகாகோ புறநகர்த் தமிழ்ப்பள்ளி ஒன்றின் ஆண்டுவிழாப் பேச்சு)

விழாத் தலைவர் ஐயா அவர்களே, பள்ளி முதல்வர் அம்மா அவர்களே, புரியாத மொழியில் இரண்டு மணி நேரமாகப் பொறுமையாக அமர்ந்திருக்கும் மேயர் அவர்களே, பொன்னாடை போர்த்திய செயலாளர் தம்பி, காலையிலிருந்து அடுப்படியில் நிற்கும் சகோதரிகளே, எல்லோருக்கும் வணக்கம். யார் பெயரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் கூடித் தேர் இழு என்பார்கள். நான் எந்த மேடையில் ஏறினாலும் இதைத்தான் சொல்வேன் என்று என் மனைவி கிண்டல் செய்வார். சரி, இன்றைக்கும் அதுதான்.

இந்த நகரத்துக்கு அன்று யார் வந்தார்கள், எப்படி வாழ்ந்தார்கள், யார் கைகொடுத்தார்கள்? மூன்றையும் சொல்கிறேன். 1890-இல் சிகாகோவின் மக்கள்தொகை பத்து லட்சத்தைத் தாண்டியது. நூற்றுக்கு நாற்பது பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். இத்தாலியர், போலந்துக்காரர், ரஷ்யாவிலிருந்து தப்பி வந்த யூதர். இறைச்சிக்கூடத்திலும் தையல் பட்டறையிலும் வேலை. நம்மவர்களையோ 1917-இல் சட்டம் போட்டே தடுத்துவிட்டார்கள், அது வேறு கதை.

1889-இல் ஜேன் ஆடம்ஸ், எலன் கேட்ஸ் ஸ்டார் என்ற இரண்டு பெண்கள் ஹால்ஸ்டெட் தெருவில் ஒரு பழைய மாளிகையில் குடியேறி, இப்படி வந்தவர்களுக்குக் கைகொடுக்க ஹல் ஹவுஸ் என்ற சமூக இல்லத்தைத் தொடங்கினார்கள். மழலையர் பள்ளி, ஆங்கில வகுப்பு, அப்புறம் விளையாட்டுத் திடல். அங்கே தங்கியிருந்த புளோரன்ஸ் கெல்லி, 1893-இல் தொழிற்சாலைச் சட்டம் வரக் காரணமாக இருந்து, மாநிலத்தின் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளரும் ஆனார். குப்பை அள்ளாத குத்தகைக்காரர்களோடு மல்லுக்கட்டிய ஆடம்ஸ், 1895-இல் தம் வார்டின் குப்பை ஆய்வாளரானார். விடியற்காலையில் குப்பை வண்டிக்குப் பின்னாலேயே போவாராம்! அதைச் சொன்னால் நேரம் போதாது. இதைக் கேளுங்கள்.

ஹல் ஹவுஸில் தொழில் அருங்காட்சியகம் ஒன்று 1900-இல் தொடங்கியது. பொருள்களைக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி வைக்கிற இடமில்லை அது. குடியேறிய மூத்த பெண்கள் சனிக்கிழமை மாலைகளில் நேரில் உட்கார்ந்து நூல் நூற்றுக் காட்டுவார்கள். அதில் ஓர் இத்தாலியத் தாய். தலையில் முக்காடு, காலில் முரட்டு பூட்ஸ், குட்டைப் பாவாடை. அவருடைய மகளும் அங்கேதான் சமையல் வகுப்புக்கு வருவாள், ஆனால் வேறு வாசல் வழியாக. அம்மாவோடு சேர்ந்து வந்தால் மானம் போய்விடுமாம்! (சிரிப்பு) சிரிக்காதீர்கள், நம் வீட்டிலும் நடக்கிறது. ஒரு மாலை, ஆசிரியர் கல்வித் துறையிலிருந்து வந்தவர்கள் அந்தத் தாயைச் சூழ்ந்து நின்று வியக்கிறார்கள். அமெரிக்காவிலேயே தக்ளியில், அதாவது கையால் சுழற்றும் கதிரில், நூற்பதில் தன் அம்மாதான் முதலோ என்று மகளுக்கே தோன்றிவிட்டது. ஆடம்ஸிடம் ஓடிப்போய்க் கேட்கிறாள். அவர் அந்தத் தாய் பிறந்து வளர்ந்த இத்தாலிய மலைக்கிராமத்தைப் பற்றிச் சொல்கிறார்: பாறை விளிம்பில் நின்று தக்ளியைப் பள்ளத்தில் தொங்கவிட்டு நூற்ற பெண்கள், அதனால் கைவந்த திறமை. அதற்குப் பிறகு அந்தப் பெண், கட்டிலுக்கடியில் பெட்டியில் ஒளித்துவைத்த கைநெசவுத் துணிகளை வெளியே எடுக்க அம்மாவை விட்டாள். அம்மா வரும் வாசலிலேயே தானும் வந்தாள்.

இப்போது என் கோரிக்கை, ஏற்கெனவே பலமுறை சொன்னதுதான். நம் பள்ளிக் கட்டடம் ஞாயிறு தவிர ஆறு நாளும் பூட்டிக் கிடக்கிறது. பேரப்பிள்ளை பார்க்க வந்த பாட்டிமாரோ, பனிக்காலம் முழுக்க வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறார்கள். பாய் பின்னுவார்கள், கோலம் போடுவார்கள், தாலாட்டுப் பாடுவார்கள். பிள்ளைகளுக்கு அவர்கள் கற்றுத் தரட்டும். பாட்டிமாருக்கு பஸ் ஏறவும் மருந்துக்கடையில் பேசவும் நாம் சொல்லித் தருவோம். புதிதாக வந்த குடும்பங்களுக்குப் படிவம் நிரப்ப ஒரு மேசை. ஊர் கூடித் தேர் இழு என்றேனே, முதல் கை தலைவர் ஐயாவுடையதாக இருக்கட்டும். வியாழன் மாலைக்கு மட்டுமாவது சாவி கொடுங்கள். மின்கட்டணத்தை எங்கள் குழு பார்த்துக்கொள்ளும். விருப்பமுள்ளவர்கள் பெயரெழுத, காபி மேசையருகே தாள் வைத்திருக்கிறேன்.