நத்தார் ரிச் கேக்: பழம் ஊறுவதிலிருந்து கடதாசி சுற்றுவது வரை

[காட்சி: தட்டு நிறைய நிறக் கடதாசி சுற்றிய துண்டுகள். ஒன்றைக் கை எடுத்துப் பிரிக்கிறது.]

கொழும்பில் நத்தாருக்கு வீடு வீடாகப் போகிற கேக் முழுசாகப் போவதில்லை. இரண்டு அங்குல நீளம், ஒரு அங்குல அகலத்தில் துண்டு போட்டு, எண்ணெய்க் கடதாசியில் சுற்றி, அதன்மேல் நிறக் கடதாசியும் சுற்றித்தான் கொடுப்போம். அந்தத் துண்டு உதிரக்கூடாது, காயக்கூடாது, சில கிழமைகளுக்குக் கெடவும் கூடாது. பழத்தைப் பொடியாக வெட்டுவது, கோதுமை மாவை விட்டு ரவை போடுவது, தட்டுக்குப் பத்திரிகை சுற்றுவது எல்லாம் வீண் வேலைபோலத் தெரியும். அத்தனையும் அந்தச் சின்னத் துண்டுக்காகத்தான். எங்கே சுருக்கினால் என்ன கெடும் என்பதையும் சேர்த்தே பார்ப்போம்.

[காட்சி: மேசையில் சாமான்கள்.]

இது 9 அங்குலம் அகலம், 13 அங்குலம் நீளமான ஒரு தட்டுக்கான அளவு. ஓரம் வெட்டிய பிறகு 48 துண்டுகள் வரும்.

பழம் மொத்தம் ஒன்றரைக் கிலோ: சுல்தானா 400 கிராம், பிளம்ஸ் (உலர்ந்த கறுப்புத் திராட்சை) 300, சீனிப்பாகில் ஊறிய சௌ சௌ பிரிசேவ் 250, புஹுல் தோசி (சீனிப்பாகில் காய்ச்சிய நீற்றுப்பூசணி) 200, செரி 200, இஞ்சி பிரிசேவ் 150. கஜு 250 கிராம். ரவை 250, பட்டர் 250, சீனி 300. மஞ்சள்கரு 10, வெள்ளைக்கரு 4 மட்டும். பிராண்டி 100 மில்லிலீற்றர். தேன் இரண்டு மேசைக்கரண்டி, பன்னீர் (ரோஜா நீர்) ஒன்று, வனிலா ஒன்று. பாதாம் எசன்ஸ் ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம், கூடினால் மருந்து மணம் வந்துவிடும். ஏலக்காய்த் தூளும் கறுவாத் தூளும் ஒவ்வொரு தேக்கரண்டி, கராம்பும் சாதிக்காயும் அரை அரை. ஒரு தேசிக்காயின் பச்சைத் தோலைத் துருவிக்கொள்ளுங்கள்.

பேக்கிங் பவுடர் எங்கே என்று கேட்பீர்கள். கிடையாது. இது பொங்கி எழ வேண்டிய கேக் இல்லை. கனமாக, இறுக்கமாக இருந்தால்தான் ஒரு அங்குலத் துண்டு கையில் நிற்கும்.

கஜு வாங்கும்போது ஒன்றைக் கடித்துப் பாருங்கள். காறல் வாசம் துளி இருந்தாலும் வேண்டாம். பிராண்டியோ ஏலக்காயோ அதை மறைக்காது, நாள் போகப் போகக் கூடவே செய்யும். ரவையில் மிக நைசானதைக் கேட்டு வாங்குங்கள். உப்புமாவுக்குப் போடுகிற பெரிய ரவை பல்லில் நறநறக்கும்.

[காட்சி: வெட்டுப்பலகை. பழம் வெட்டும் பல கைகள்.]

கேக்கின் பெரிய வேலை இதுதான். தனியாக இருந்தால் இரண்டு மூன்று மணி நேரம் எடுக்கும். வீட்டில் எல்லோரும் பலகையும் கத்தியுமாக உட்கார்ந்து செய்கிற வழக்கம் அதனால்தான் வந்தது, அது நல்ல வழக்கம். சின்னப் பிள்ளைகளிடம் செரியைக் கொடுங்கள், மென்மையானது, மொட்டைக் கத்தியே போதும்.

ஒவ்வொரு துண்டும் ஒரு பச்சைப்பட்டாணி அளவு. சுல்தானாவைக்கூட இரண்டாக வெட்ட வேண்டும். முழுப் பழத்தின்மேல் கத்தி பட்டால் அது வெட்டுப்படாமல் இழுபடும். அந்த இடத்தில் குழி விழும், துண்டு உடையும். கஜுவை மிளகளவில் கொத்துங்கள். மிக்சியில் போடாதீர்கள், பாதி மாவாகிவிடும், எண்ணெயும் கக்கும். வறுக்கவும் வேண்டாம், பச்சைக் கஜுதான் கேக்குக்குள் இருந்து மெதுமையாகும்.

சௌ சௌவையும் இஞ்சியையும் பாகில் இருந்து எடுத்து அரிதட்டில் ஒரு மணி நேரம் வடியவிடுங்கள். பாகோடு போட்டால் நடு அமிழ்ந்து பிசினாக நிற்கும், ஓரத்தில் சீனி கருகும். செரியை வெந்நீரில் அலசித் துணியில் ஒற்றுங்கள், இல்லாவிட்டால் சிவப்புச் சாயம் ஊறிப் பரவும்.

பிளம்ஸ், சுல்தானாவைக் கழுவினால் முழுக்கக் காய வேண்டும். மழை நாளில் வெயிலை நம்பாமல், துணியில் பரப்பி இரவு முழுவதும் மின்விசிறிக்குக் கீழே விடுங்கள். ஈரம் நின்றால் போத்தலுக்குள் புளிக்கத் தொடங்கும். திறக்கும்போது குமிழியும் புளித்த மணமும் வந்தால் அதைக் காப்பாற்றப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

வெட்டிய பழம், பிராண்டி, தேன், வாசனைத் தூள், தேசிக்காய்த் தோல் எல்லாவற்றையும் கண்ணாடிப் போத்தலில் போட்டு மூடுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், பழத்தின் புளிப்பு அதை அரிக்கும். இரண்டு நாளைக்கு ஒருமுறை கிளறுங்கள். மூன்று நாள் கட்டாயம், இரண்டு மூன்று கிழமை ஊறினால் நல்லது. நவம்பர் முதற்கிழமையில் ஊறப்போட்டு, நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறுகள் வரும் திருவருகைக் காலம் தொடங்கும்போது வேகவைத்தால் கணக்குச் சரியாக வரும்.

[காட்சி: தாச்சியில் ரவை.]

வேகவைக்கும் நாள் காலை, ரவையைக் குறைந்த தீயில் மணம் வரும்வரை மட்டும் வறுங்கள். நிறம் மாறக்கூடாது. இளஞ்சூடாக இருக்கும்போதே பட்டரைப் போட்டுப் பிசைந்து, மூடி நான்கு மணி நேரம் வையுங்கள். இந்தப் பொறுமையை விட்டால் கேக் மணல்போல இருக்கும். ரவைக்கு ஊற நேரம் வேண்டும். ஊறிய ரவை பழத்தின் சாற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நாள் போனாலும் துண்டு காயாமல் இருப்பது அதனால்தான்.

சீனியை மிக்சியில் ஒரு சுற்று அரைத்து, மஞ்சள்கருவோடு வெளிறித் தடிக்கும்வரை அடியுங்கள். அதில் ரவையைச் சேருங்கள். பிறகு பழம், கஜு, பன்னீர், எசன்ஸ். இந்த அளவுக்கு மரக்கரண்டியைவிடக் கைதான் சரி. கழுவிய கையால் அடியிலிருந்து புரட்டுங்கள். ஒரு மணி நேரம் மூடிவைத்துவிட்டு, கடைசியாக வெள்ளைக்கருவைத் தனியாக அடித்து, நுனி சாய்ந்து நிற்கும் பதத்தில் மெல்லக் கலக்குங்கள். கல்போல அடித்தால் மேற்புறம் குவிந்து வெடிக்கும், வெட்டும்போது மேல்தட்டு கழன்றுவரும்.

[காட்சி: தட்டுக்குக் கடதாசி போடுதல்.]

தட்டின் அடியில் ஐந்து மடிப்புப் பத்திரிகைக் கடதாசி, பக்கங்களில் மூன்று மடிப்பு. அதன்மேல் பட்டர் பூசிய எண்ணெய்க் கடதாசி இரண்டு. பத்திரிகை எங்கும் கேக்கைத் தொடக்கூடாது, மை ஒட்டும். இவ்வளவு கடதாசி எதற்கு? சீனியும் பழமும் நிறைந்த கலவை இரண்டரை மணி நேரம் சூட்டில் இருக்கப்போகிறது. கடதாசி சூட்டைத் தடுத்து மெதுவாக விடும். அது இல்லாவிட்டால் நடு வேக முன்னரே அடி கருகும். காஸ் ஓவன் என்றால் கடதாசி நுனி தட்டுக்கு வெளியே தொங்கக்கூடாது, சுடர் பிடிக்கும்.

ஓவனை 140 பாகைக்குச் சூடாக்குங்கள். கீழ்த்தட்டில் ஒரு கிண்ணம் தண்ணீர் வையுங்கள், மேற்பரப்பு விரைவில் காயாது. மேசையில் வைக்கிற சிறிய மின் ஓவன்களில் மேல்கம்பி கேக்குக்கு மிகக் கிட்ட இருக்கும். அவற்றில் ஒரு மணி நேரத்திலேயே மேலே ஈயத்தாள் (அலுமினியத் தாள்) போடுங்கள், மற்றவற்றில் ஒன்றேகால் மணி நேரத்தில் போடலாம். குமிழில் எழுதியிருக்கிற பாகையை முழுதாக நம்பாதீர்கள், உள்ளே வைக்கிற ஓவன் வெப்பமானி ஒன்று இருந்தால் பெரிய உதவி. சிலிண்டரில் எவ்வளவு காஸ் இருக்கிறது என்று முதலே பாருங்கள். நடுவில் மின்சாரம் போனால் கதவைத் திறக்க வேண்டாம், அரை மணி நேரத்துக்குள் வந்தால் அந்த நேரத்தையும் சேர்த்து வேகவையுங்கள்.

இரண்டு மணி நேரத்தில் முதல் சோதனை. இந்தக் கேக்கில் குச்சி சுத்தமாக வராது, பழப் பிசுக்கு ஒட்டத்தான் செய்யும். அதைப் பார்த்து இன்னும் அரை மணி நேரம், இன்னும் அரை மணி நேரம் என்று விடுவதால்தான் பல வீட்டுக் கேக்குகள் காய்கின்றன. பச்சைக் கலவை ஒட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். நடுவைத் தொட்டால் உறுதியாக இருக்க வேண்டும், ஓரம் கடதாசியை விட்டுச் சற்று விலகியிருக்க வேண்டும். குத்திப் பார்க்கிற வெப்பமானி இருந்தால், நடுவில் 95 பாகை தாண்டியதும் இறக்கலாம்.

[காட்சி: சூடான கேக்கின்மேல் கரண்டியால் பிராண்டி.]

சூடு இருக்கும்போதே இரண்டு மேசைக்கரண்டி பிராண்டி தெளித்து, தட்டிலேயே ஒரு இரவு ஆறவிடுங்கள். கையில் வெதுவெதுப்புத் தெரிகிற நிலையில் மூடினால் உள்ளே வேர்க்கும். கொழும்பின் காற்றில் அந்த ஈரத்துக்குப் பூஞ்சணம் வர அதிக நாள் ஆகாது. முழுவதும் ஆறிய பிறகு எண்ணெய்க் கடதாசியிலும் ஈயத்தாளிலும் சுற்றி, வெட்டாமல் குறைந்தது ஒரு கிழமை டின்னுக்குள் வையுங்கள். அதற்குள் பழத்தின் ஈரம் பரவி, வாசனைகளும் ஒன்றோடொன்று இணங்கிவிடும்.

வெட்டும் நாளில், நாலாபுறமும் அரை அங்குலம் ஓரத்தை எடுங்கள், அது வீட்டுக்காரருக்கு. மெல்லிய நீளக் கத்தியை வெந்நீரில் நனைத்த துணியால் ஒவ்வொரு வெட்டுக்கும் துடையுங்கள். வாள்போல அறுக்காமல் நேராக அழுத்துங்கள்.

உள்கடதாசி 6 அங்குலத்துக்கு 5 அங்குலம். ஆறு அங்குலப் பக்கம் துண்டைச் சுற்றி வரும், ஐந்து அங்குலப் பக்கம் நுனிகளை மடிக்க. ஈயத்தாளை நேராகச் சுற்ற வேண்டாம், பழத்தின் புளிப்பில் சாம்பல் புள்ளி விழும். நிறக் கடதாசி வெளியேதான். டின்னை அடுப்படியிலிருந்து தள்ளி, எறும்பு ஏறாமல் தண்ணீர்த் தட்டில் வையுங்கள். காற்றுப் புகாமல் இருந்தால் தைப்பொங்கல்வரை தாங்கும். பூஞ்சணம் தெரிந்தால் சுரண்டிவிட்டுக் கொடுக்காதீர்கள், அந்தப் பெட்டியையே எறியுங்கள்.

[காட்சி: இரண்டு நிறக் கடதாசிகளில் பிரித்து அடுக்கிய துண்டுகள்.]

யாருக்குக் கொடுக்கிறோம் என்பதையும் முதலே யோசியுங்கள். முஸ்லிம் அயலவருக்குப் பிராண்டி இல்லாத தட்டு தனியாக வேண்டும். கொதித்து ஆறிய 100 மில்லிலீற்றர் தோடம்பழச் சாற்றில் பழத்தை ஒரு இரவு மட்டும் குளிர்சாதனப் பெட்டியில் ஊறவைத்து, மறுநாளே வேகவையுங்கள். வனிலாவிலும் பாதாம் எசன்ஸிலும் அற்ககோல் இல்லாததைப் பார்த்து வாங்குங்கள். பாத்திரம், கரண்டி, கத்தி எல்லாம் வேறாக இருக்கட்டும். இந்தக் கேக்கை டிசம்பர் 20க்குப் பிறகு செய்து குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், பத்து நாளுக்குள் முடிக்க வேண்டும். மார்கழி விரதம் இருக்கிற சைவ வீடுகள் முட்டை தொடமாட்டார்கள், அவர்களுக்குரிய பிராண்டிக் கேக்கைச் சுற்றி வைத்து, திருவெம்பாவை முடிந்தபின் அனுப்பலாம். எந்தப் பெட்டியானாலும் சின்ன அட்டையில் முட்டை, கஜு, கோதுமை ரவை, பட்டர், பிராண்டி உண்டா இல்லையா, செய்த திகதி இவ்வளவையும் எழுதி ஒட்டுங்கள். பிராண்டி போட்டதற்கு ஒரு நிறம், போடாததற்கு வேறு நிறம் என்று கடதாசி வாங்கும்போதே முடிவு செய்தால், 24ஆம் திகதி இரவு தட்டு அடுக்குகிற அவசரத்திலும் மாறிப்போகாது.