கறுப்பு ஏன் மஞ்சளாகிறது? பெரோவ்ஸ்கைட் சோலார் செல்லின் பக்குவமும் ஆயுளும்

[காட்சி: மேசை மீது இரண்டு கண்ணாடிச் சில்லுகள். ஒன்று கறுப்பை ஒட்டிய பழுப்பு, இன்னொன்று வெளிர் மஞ்சள்.]

இந்த இரண்டு சில்லுகளையும் கொஞ்சம் பாருங்கள். ஒரே பாட்டிலில் இருந்த ஒரே கரைசலைப் பூசிச் செய்தவை. கறுப்பாக இருப்பது நைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்குள் இருந்தது. மஞ்சளாக இருப்பது ஈரக்காற்றில் திறந்து கிடந்தது. கறுப்புச் சில்லு வெயிலை விழுங்கி மின்சாரம் தரும். மஞ்சள் சில்லில் பெரும்பாலும் மிச்சம் இருப்பது ஈய அயோடைடு. சோலார் செல்லுக்கு அது உதவாது.

இந்தக் கறுப்புப் பொருளின் பெயர் பெரோவ்ஸ்கைட். இதன் ஆராய்ச்சியில் பாதி உழைப்பு அந்தக் கறுப்பை வரவழைக்கத்தான். மீதிப் பாதி, வந்த கறுப்பைப் போகவிடாமல் பிடித்து வைக்க.

[காட்சி: ஒரு கனிமக் கல்லின் படம், பிறகு படிக அமைப்பின் அனிமேஷன்.]

பெயரைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. 1839இல் ரஷ்யாவின் யூரல் மலைப் பகுதியில் கிடைத்த ஒரு கனிமத்தை ஆராய்ந்த ஜெர்மானியர் குஸ்தாவ் ரோஸ், அதற்கு லெவ் பெரோவ்ஸ்கி என்ற ரஷ்யரின் பெயரை வைத்தார். அந்தக் கல்லில் இருப்பது கால்சியம், டைட்டானியம், ஆக்சிஜன். நம் சோலார் செல்லின் கறுப்புப் படலத்தில் இந்த மூன்றுக்கும் வேலை இல்லை. அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறைதான் இரண்டிலும் ஒன்று. நடுவில் ஓர் ஈய அயனி, அதைச் சுற்றி ஆறு அயோடைடு அயனிகள். இப்படி எட்டு முகம் கொண்ட வடிவங்கள், அதாவது எண்முகிகள், மூலையோடு மூலை தொட்டு நிற்கும். இடையில் விழும் பொந்துகளில் மெத்தில் அமோனியம் என்ற சின்ன கரிம அயனி உட்கார்ந்திருக்கும்.

2009இல் ஜப்பானில் யோகோஹாமாவின் டோயின் பல்கலைக்கழகத்தில் சுதோமு மியாசாகாவின் குழு இதை முதன்முதலில் சோலார் செல்லில் வைத்துப் பார்த்தது. கிடைத்த திறன், அதாவது விழும் வெயிலில் மின்சாரமாக மாறும் பங்கு, 3.8 சதவீதம். அந்தச் செல்லுக்குள் மின்னூட்டத்தைக் கடத்தும் ஒரு திரவம், அதாவது திரவ மின்பகுளி, இருந்தது. அதுவே பெரோவ்ஸ்கைட்டைக் கரைத்துவிட்டது. செல் உயிரோடு இருந்தது சில நிமிடங்கள். 2012இல் திரவத்தை நீக்கிவிட்டுத் திடப்பொருளை வைத்தார்கள், திறன் 10 சதவீதத்தை எட்டியது. இன்று ஆய்வகத்தில் செய்யும் சின்னச் செல்கள் 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டன. வழக்கமான சோலார் பலகைகளில் இருக்கும் சிலிக்கான் இந்த இடத்துக்கு வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

சரி, எப்படி இவ்வளவு வேகம்? காரணம், இதைச் செய்வது அவ்வளவு சுலபம். சிலிக்கானை உருக்க 1,414 டிகிரி செல்சியஸ் வேண்டும். பெரோவ்ஸ்கைட்டுக்கு 100 டிகிரியில் ஒரு சூட்டுத் தட்டு போதும். அடிப்படையில் இது ஓர் உப்பு. கரைசலில் கரைந்து கிடக்கும், கரைப்பான் போனால் படிகமாகும். உப்பளத்தில் நடப்பதும், பாகிலிருந்து கற்கண்டு விளைவதும் இதே கதைதான்.

கரைசலிலிருந்து சுலபமாக உருவாகிற பொருள் சுலபமாகக் கலைந்தும் போகும். மழைக்காலத்தில் உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இந்த வீடியோவில் இனி வரும் எல்லாச் சிக்கலுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

[காட்சி: சுழலும் தட்டு, மிக அருகில்.]

இப்போது செய்முறை. கண்ணாடிச் சில்லை ஒரு சின்னத் தட்டில் வைத்து, வெற்றிடத்தால் உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிறார்கள். ஈய அயோடைடும் மெத்தில் அமோனியம் அயோடைடும் கரைந்த மஞ்சள் கரைசலில் சில துளிகளை அதன் மேல் விடுகிறார்கள். தட்டு சுற்றத் தொடங்குகிறது, நிமிடத்துக்கு 4,000, 5,000 சுற்று. பெரும்பகுதி கரைசல் ஓரத்தில் தெறித்துப் போய்விடும். மெல்லிய ஈரப் படலம் மட்டும் ஒட்டியிருக்கும்.

இதோ, கவனியுங்கள். சுற்றிக்கொண்டிருக்கும்போதே மேலிருந்து இன்னொரு திரவம் விழுகிறது. பெரும்பாலும் குளோரோபென்சீன். இதில் பெரோவ்ஸ்கைட் கரையாது, ஆனால் முதல் கரைப்பானோடு இது நன்றாகக் கலந்துவிடும். கலந்ததும் படலத்திலிருந்த கரைப்பானை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. உப்புக்குக் கரைந்திருக்க இடமில்லை. ஒரே நொடியில் ஆயிரக்கணக்கான இடங்களில் படிகம் முளைக்கிறது.

எந்த நொடியில் ஊற்றுவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அதிரசத்துக்குப் பாகு வைக்கிறவர்களுக்குப் பதம் என்றால் என்னவென்று தெரியும். இங்கேயும் அதேதான். முந்தி ஊற்றினால் கரைசல் இன்னும் நீர்த்திருக்கும், ஊற்றியது வீண். பிந்தினால் அங்கங்கே பெரிய படிகங்கள் தாமாகவே வளர்ந்து, இடையில் ஊசித் துளைகள் விழுந்துவிடும். துளை வழியாக மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் தொட்டுக்கொண்டால் செல் ஷார்ட் ஆகிவிடும். பதம் நிற்கும் நேரம் சில நொடிகள்தான். அதைக் கொஞ்சம் நீட்டத்தான் கரைசலில் டிஎம்எஸ்ஓ என்ற இன்னொரு கரைப்பானைச் சேர்க்கிறார்கள். அது ஈய அயோடைடோடு ஒட்டிக்கொண்டு, உடனே படிகமாக விடாமல் தாமதப்படுத்தும்.

பிறகு சூட்டுத் தட்டு. வெளிறியிருந்த சில்லு 100 டிகிரியில் பழுப்பாகி, கருத்து, கடைசியில் முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்கும். அந்தப் படலத்தின் தடிமன் அரை மைக்ரான் அளவுதான். சிலிக்கான் வில்லை இதைப் போல முந்நூறு மடங்கு தடிமன்.

ஒரு குறிப்பு: இந்தச் சுழற்சி முறை ஆய்வகத்துக்கு மட்டும்தான் சரிப்படும். கரைசலில் முக்கால்வாசிக்கு மேல் வீணாகிறது, பெரிய கண்ணாடியைச் சுற்றவும் முடியாது. தொழிற்சாலையில் நீண்ட பிளவு வழியாகக் கரைசலைச் சீராக வடித்துப் பூசுகிறார்கள். குளோரோபென்சீனுக்குப் பதிலாக நைட்ரஜனை ஊதியோ, வெற்றிடத்தில் வைத்தோ கரைப்பானை எடுக்கிறார்கள். கைநகம் அளவுச் செல்லில் வந்த திறன் ஒரு சதுர மீட்டர் பலகையில் அப்படியே வராது.

[காட்சி: வேகமாக்கிக் காட்டும் பதிவு. கறுப்புச் சில்லின் ஓரங்கள் மஞ்சளாகின்றன.]

இனி கெடுவதைப் பார்ப்போம். முதல் எதிரி தண்ணீர். ஈரம் படிகத்துக்குள் புகுந்து முதலில் ஒரு நீரேற்றச் சேர்மத்தை உண்டாக்குகிறது. அந்தக் கட்டத்தில் உலர்த்தினால் ஓரளவு மீளும். ஈரம் தொடர்ந்தால் மெத்தில் அமோனியம் பிரிந்து போய், ஈய அயோடைடு மஞ்சளாக மிஞ்சுகிறது. வேடிக்கை என்னவென்றால், படலத்தைச் சூடாக்கும் நேரத்தில் காற்றில் கொஞ்சம் ஈரம் இருந்தால் படிகங்கள் இன்னும் நன்றாக வளர்ந்ததாகவும் ஆய்வுகள் உண்டு. செய்யும்போது நண்பன், செய்து முடித்தபின் பகைவன்.

இரண்டாவது, சூடு. தண்ணீரே படாமல் மூடி வைத்தாலும் 85 டிகிரியில் மெத்தில் அமோனியம் மெல்ல ஆவியாகிப் போகிறது. கோடை வெயிலில் கூரைமேல் இருக்கும் பலகை 65, 70 டிகிரிக்குச் சாதாரணமாகப் போகும், அதனால் இதைத் தள்ளிவிட முடியாது. எனவே மெத்தில் அமோனியத்தை எடுத்துவிட்டு, அதைவிடப் பெரிய கரிம அயனியான பார்மமிடினியத்தை வைத்தார்கள். சூடு தாங்கியது. ஆனால் வேறு வம்பு வந்தது. பார்மமிடினியம் பொந்துக்குக் கொஞ்சம் பெரிது. அறை வெப்பநிலையில் அணு அடுக்கே நழுவி, வேறு வடிவத்துக்கு மாறிவிடுகிறது.

அந்த வடிவத்தின் நிறம்? அதுவும் மஞ்சள்தான்.

இந்த இரண்டு மஞ்சளையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. முன்னது சிதைவு, பொருள் பிரிந்து போயிற்று, சும்மா சூடாக்கினால் திரும்ப வராது. பின்னது உருமாற்றம் மட்டும். எதுவும் வெளியே போகவில்லை. 150 டிகிரிக்குச் சூடாக்கினால் மறுபடி கறுத்துவிடும்.

தீர்வு எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சீசியம் என்ற தனிம அயனி பொந்துக்குச் சிறிது. ஆகவே சீசியம் ஈய அயோடைடும் அறை வெப்பநிலையில் மஞ்சளாகிவிடும். தனித்தனியே மஞ்சளாகிற இந்த இரண்டையும் கலந்தால், பெரியதும் சிறியதும் சராசரியாகிப் பொந்துக்குச் சரியாகப் பொருந்தி, கறுப்பு நிலைத்து நிற்கிறது. பார்மமிடினியத்தோடு கொஞ்சம் சீசியம் சேர்த்தாலே போதும். 2016 வாக்கில் வந்த இந்தக் கலவைதான் இன்றைய நல்ல செல்கள் பலவற்றுக்கும் அடித்தளம்.

[காட்சி: செல்லின் குறுக்குவெட்டு. அயோடைடு அயனிகள் மெல்ல நகர்கின்றன.]

நிறம் மாறாமலே கெடுவதும் உண்டு. படிகத்துக்குள் அயோடைடு அயனிகள் ஓரிடத்தில் நிற்பதில்லை. காலியிடம் கிடைத்தால் அங்கே தாவும். வெளிச்சமும் மின்புலமும் தள்ளிவிட, அடுக்குகளைக் கடந்து பின்பக்க வெள்ளி மின்முனை வரை போய்விடும். போனால் வெள்ளி அயோடைடு உருவாகி மின்முனை அரிக்கப்படும். வெள்ளிக்குப் பதில் தங்கம் வைத்தார்கள். சூடானால் தங்கம் எதிர்ப்பக்கம் கிளம்பி உள்ளே ஊடுருவுகிறது! கார்பன் மின்முனை இரண்டுக்கும் மசியாமல் நிற்கும், திறன் மட்டும் கொஞ்சம் குறையும்.

சிலிக்கான் செல்லின் மேல் பெரோவ்ஸ்கைட்டை அடுக்கும் இரட்டைச் செல்லில் இந்த நடமாட்டம் இன்னொரு தொல்லை தருகிறது. அங்கே புரோமைடு கலக்க வேண்டும்; வெயில் பட்டால் அயோடைடும் புரோமைடும் தனித்தனிக் கூட்டமாகப் பிரியப் பார்க்கும். ஆனாலும் எல்லோரும் இதையே துரத்துகிறார்கள். சிலிக்கான் தனியாக எட்டக்கூடிய உச்சமே 29.4 சதவீதம்தான். சீனாவின் லாங்கி நிறுவனம் 2024இல் அறிவித்த இரட்டைச் செல் 34.6 சதவீதம் காட்டியது. அதே ஆண்டு செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு பிவி என்ற பிரிட்டிஷ் நிறுவனம், தன் ஜெர்மனி ஆலையில் செய்த இரட்டைச் செல் பலகைகளை அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவருக்கு முதல் சரக்காக அனுப்பியது.

ஈயத்தைப் பற்றிக் கேட்பீர்கள். சதுர மீட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவு. ஆனால் தண்ணீரில் கரையக்கூடிய வடிவில் இருக்கிறது, ஆகவே கண்ணாடி உடைந்தால் கசியும். பலகையைச் சுற்றி இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஓடும் கறுப்பு பியூட்டைல் ரப்பர் பட்டை ஈரத்தை உள்ளே விடாமல் தடுப்பதோடு ஈயத்தை வெளியே விடாமலும் காக்க வேண்டும்.

[காட்சி: சோதனை அறைக்குள் பலகைகள்.]

விற்பனைக்கு முன் பலகைகள் தாண்ட வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது: 85 டிகிரி சூடு, 85 சதவீத ஈரப்பதம், 1,000 மணி நேரம். கணக்குப் போட்டால் 42 நாள்கூட இல்லை. இதை வைத்து 25 ஆண்டு வாரண்டி தருகிறார்கள் என்றால், சிலிக்கானுக்கு அது சரி. பல பத்தாண்டுகளாகக் கூரைமேல் வெயில் காய்ந்த பலகைகள் இருக்கின்றன, சோதனை அறை சொன்னதையும் கூரை சொன்னதையும் ஒப்பிட்டுப் பார்த்தாயிற்று. பெரோவ்ஸ்கைட்டுக்கு அப்படி ஒப்பிட ஒரு பழைய பலகை கிடையாது. பகலில் கெட்ட செல் இரவின் இருட்டில் ஓரளவு தேறிவிடுவதும் உண்டு என்பதால், ஓயாமல் விளக்கைக் காட்டிச் செய்யும் சோதனை எதைக் கணக்கில் எடுக்கிறது என்பதிலேயே வாதம் நடக்கிறது. 2009இன் அந்த முதல் செல்லே இன்று இருந்தால்கூட இன்னும் 25 வயது ஆகியிருக்காது. அதுவும் சில நிமிடங்களில் கரைந்துவிட்டது.