ட்ரம்ப் வரி வாரமும் என்னுடைய 84 ரூபாயும்

வணக்கம் மக்களே! வெள்ளிக்கிழமை, ஏப்ரல் 11, 2025. மும்பை பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் இன்று ஒரே நாளில் 1,310 புள்ளி ஏறி முடிந்திருக்கிறது. வாட்ஸ்அப் குழுக்களில் திங்கட்கிழமை ஒப்பாரி வைத்த அதே ஆட்கள் இன்று ராக்கெட் படம் அனுப்புகிறார்கள். எனக்கு மட்டும் கடுப்பு தீரவில்லை.

என் இன்டெக்ஸ் ஃபண்ட் (குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கும் ஃபண்ட்) எஸ்ஐபி, அதாவது மாதாமாதம் தானாகப் போகும் முதலீடு, ஏழாம் தேதி என்பது பழைய வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்த மாதம் ஏழாம் தேதி எது? சென்செக்ஸ் 2,226 புள்ளி விழுந்த அந்தத் திங்கட்கிழமை! இன்னொரு குறியீடான நிஃப்டி 22,161-க்கு வந்துவிட்டது. காலையிலேயே என் வங்கிக் கணக்கிலிருந்து 5,000 ரூபாய் போய்விட்டது. நான் தேடிப்போய் வாங்கவில்லை, தானாக வந்து விழுந்த அதிர்ஷ்டம் என்று குஷியாக இருந்தேன். ஸ்டேட்மென்ட் வந்தது. எட்டாம் தேதி என்ஏவி (ஃபண்டின் ஒரு யூனிட் விலை)! அன்றைய விலை வேண்டுமென்றால் மதியம் 3 மணிக்குள் பணம் ஃபண்ட் நிறுவனத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். என் பணம் எங்கேயோ நின்று டீ குடித்துவிட்டு மறுநாள் போயிருக்கிறது. அதற்குள் நிஃப்டி 374 புள்ளி ஏறிவிட்டது. எக்செல்லில் போட்டுப் பார்த்தேன், 84 ரூபாய் வித்தியாசம். சிரிக்காதீர்கள். 84 ரூபாய் 84 ரூபாய்தான். கஸ்டமர் கேருக்கு போன் போட்டால், "சார், மார்க்கெட் ரிஸ்க்குக்கு உட்பட்டது" என்கிறார்கள். நான் கேட்டது மார்க்கெட்டைப் பற்றியா?

சரி, விஷயத்துக்கு வருவோம். ஏப்ரல் 2-ஆம் தேதி ட்ரம்ப் ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டினார் அல்லவா, நாட்டுக்கு நாடு இறக்குமதி வரி. நமக்கு 26 சதவீதம். அமெரிக்க எஸ்&பி 500 பங்குக் குறியீடு அடுத்த இரண்டே நாளில் 10 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. இங்கே நம் ஐடி பங்குகளுக்கும் அடி. பலர் கமென்டில் கேட்டிருந்தீர்கள், சாஃப்ட்வேருக்குத்தான் வரி இல்லையே, பிறகு ஏன் என்று. வரி இல்லைதான். ஆனால் அங்கே மந்தம் வந்தால் வாடிக்கையாளர் முதலில் வெட்டுவது ஐடி செலவை.

திங்களன்று இன்னொரு கூத்து. இந்த வரியை 90 நாள் நிறுத்தி வைக்கிறார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பியது. அமெரிக்கச் சந்தை சில நிமிடத்தில் எகிறியது, வெள்ளை மாளிகை அது பொய்ச் செய்தி என்றதும் அதே வேகத்தில் இறங்கியது. "பிரேக்கிங்" என்று சிவப்பு எழுத்தில் டிப்ஸ் போடும் சேனல்களை எனக்கு ஏன் பிடிக்காது என்பது இப்போது புரிகிறதா? புதன்கிழமை அதே 90 நாள் நிறுத்தம் நிஜமாகவே வந்தது. எஸ்&பி ஒரே நாளில் 9.5 சதவீதம் ஏறியது, 2008-க்குப் பிறகு இப்படி ஒரு நாள் இல்லை.

ஆங், ஒன்று விட்டுப்போய்விட்டது. அறிவிப்புக்குச் சில மணி நேரம் முன்னால், "வாங்குவதற்கு இது அருமையான நேரம்" என்று ட்ரம்பே பதிவு போட்டிருந்தார். ஒரு நாட்டின் அதிபர்! இங்கே யூடியூபில் ஒருவர் பங்கு பெயரைச் சொன்னாலே பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி கதவைத் தட்டும்.

அவரைப் பின்வாங்க வைத்தது பங்குச் சந்தை மட்டுமில்லை என்பது என் கணிப்பு. பங்கு விழுந்தால் பணம் அமெரிக்க அரசுக் கடன் பத்திரத்துக்கு ஓடும், அதன் வட்டி இறங்கும். அதுதான் வழக்கம். இந்த வாரம் பத்திரத்தையும் விற்றார்கள், அதனால் வட்டி ஏறியது. 10 வருடப் பத்திரத்தின் வட்டி 4 சதவீதத்துக்குக் கீழே இருந்தது, சில நாளில் 4.5 பக்கம் போய்விட்டது. கடன் வாங்கியே ஓடும் அரசுக்கு அது நேரடியாக வயிற்றில் அடி. பாண்டு சந்தையை, அதாவது இந்தக் கடன் பத்திரச் சந்தையை, கவனித்ததாக ட்ரம்பே சொன்னார்.

வியாழன் மகாவீர் ஜெயந்தி, நமக்கு லீவு. அந்த 9.5 சதவீதத்தை வேடிக்கை பார்த்தோம். அன்று ராத்திரியே அமெரிக்கா மறுபடி 3.5 சதவீதம் இறங்கியது, ஏனென்றால் சீனாவுக்கு நிறுத்தம் கிடையாது, மொத்தம் 145 சதவீதம். மற்ற நாடுகளுக்கும் 10 சதவீத வரி அப்படியே இருக்கிறது, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். துணியோ இறாலோ அமெரிக்காவுக்கு அனுப்புகிறவர் 90 நாள் முடியும் ஜூலைக்கு எந்த விலை சொல்லி ஆர்டர் பிடிப்பார்? 26 என்றால் 26-க்குக் கணக்குப் போட்டுவிடலாம். 10-ஆ 26-ஆ என்று தெரியாமல் எந்தக் கணக்கும் போட முடியாது.

திங்கள் அம்பேத்கர் ஜெயந்தி, மறுபடியும் சந்தை லீவு. செவ்வாய்க்குள் ட்ரம்ப் என்னென்ன பதிவு போடுவாரோ! பாண்டு பற்றித் தனி வீடியோ கேட்டவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன்.